வெள்ளன ஸ்லாட்டா, ராத்திரி ஸ்லாட்டா? நாகர்கோவில் ரீடிங் ஹால் ஒண்ணுக்கு என் ரிவ்யூ

நாகர்கோவில்ல பிள்ளைங்க உக்காந்து படிக்கதுக்கு ரீடிங் ஹால் எது கொள்ளாம்னு தெரிஞ்சவங்க நெறைய பேரு கேக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாள மாட்டேங்குது, அதனால ஒரேயடியா இங்க எழுதிடுதேன். எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஒரே ஹாலுக்குத்தான் போறாங்க. மூத்தவ பி.காம் முடிச்சிட்டு டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கா, இளையவன் பிளஸ் டூ, நீட்டும் எழுதணும். ஹாலு பேரு போடல, ஏன்னா நல்லதச் சொல்லுத மாதிரியே கொறையும் கொஞ்சம் காட்டமா சொல்லப் போறேன், ஒருத்தர் பொழப்புல மண்ண போட்ட பாவம் நமக்கு வேண்டாம். நான் ஸ்டாஃப் நர்ஸ், குவைத்துல கொஞ்ச வருசம் இருந்துட்டு இப்ப ஊருல ஷிஃப்ட் பாக்குதேன், அதனால தூக்கம் கெட்டா மனுசன் என்ன ஆவான்னு யாரும் எனக்கு கிளாஸ் எடுக்க வேண்டாம்.

மாடியில ஒரு பெரிய ஹாலு, பிளைவுட் தடுப்பு போட்டு தனித்தனி சீட்டு. சீட்டுக்கு ஒரு பிளக் பாயிண்ட், மேல ஒரு வெள்ள டியூப், கீழ சின்ன லாக்கர். வைஃபை உண்டு, ஏசி உண்டு, ஏசி ரிமோட்ட மட்டும் ஒரு கண்ணாடி டப்பாவுல வச்சு பூட்டி வச்சிருக்காரு ஓனரு. எம்மவன் சீட்டுல அவனுக்கு முன்னாடி இருந்த எவனோ பேனாவால தனிம வரிச அட்டவணைய முழுசா எழுதி வச்சிருக்கான், அதுக்கு கீழயே "நாளையிலிருந்து சீக்கிரம் எந்திரிக்கணும்"னு எழுதி, அத மூணு தடவ அடிச்சு, மூணு தடவ திரும்ப எழுதியிருக்கான். அந்தப் பிள்ளை யாருன்னு தெரியல, பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.

இந்த ஹாலுல எனக்குப் பிடிச்சதே, சேரும்போது ஒரு பேப்பர் குடுத்து நெரப்பச் சொல்லுதாங்க. அட்ரஸ், ஆதார் மட்டும் இல்ல. உனக்கு எந்தக் கட்டாயமும் இல்லன்னா எத்தன மணிக்கு தூங்குவ, எத்தன மணிக்கு எந்திரிப்ப, எந்திரிச்ச மொத அர மணி நேரத்துல பசிக்குமா, ராத்திரி எத்தன மணிக்கு கண்ணு சொருகும்னு வரிசையா கேள்வி. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுட்டு, இது ஹார்ன், ஆஸ்ட்பெர்க்னு ரெண்டு பேரு 1976ல கொண்டு வந்த கேள்வித்தாள சுருக்குனது. ஒரிஜினல்ல 19 கேள்வி, 16ல இருந்து 86 வரைக்கும் மார்க்கு, 59ஓ அதுக்கு மேலயோ வந்தா காலை ஆளு, 41ஓ அதுக்கு கீழயோன்னா ராத்திரி ஆளு, நடுவுல உள்ளவங்க ரெண்டுங்கெட்டான், ஒலகத்துல அவங்கதான் ஜாஸ்தி. ஓனரோட தம்பி எங்கயோ சைக்காலஜி படிச்சவராம், அவரு வேல இது. மகளுக்கு நான் நெனச்ச மாதிரி காலை பக்கம் வந்துச்சு, மகனுக்கு அந்தாக்குல ராத்திரி பக்கம். அதப் பாத்துட்டு ஓனரு, மகளுக்கு வெள்ளன 5 மணி ஸ்லாட்டு, மகனுக்கு சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் உள்ள ஸ்லாட்டு எடுங்கன்னு சொன்னாரு. வேற எந்த ஹாலுலயும் இப்படி யாரும் கேட்டதில்ல, எத்தன மாசம் கட்டுதீங்கன்னு மட்டும்தான் கேப்பாங்க.

இத வீட்டுல சொன்னதும் எங்க அத்த ஒரு பிடி பிடிச்சாவ. ராத்திரி படிச்சா மண்டையில நிக்காது, விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிச்சு படிக்கவன்தான் உருப்படுவான்னு. அவிய சொல்லுததையும் தள்ளிட முடியாது, ஏன்னா நம்ம மாவட்டமே வெள்ளன எந்திரிக்கிற மாவட்டமாக்கும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போறவங்க இருட்டோட தலையில லைட்ட கட்டிட்டு எறங்கிருவாங்க, வெயில் ஏறுனா பால் ஒழுக்கு கொறஞ்சிரும். தோவாளையில பூச்சந்தை விடியுததுக்கு முந்தியே களைகட்டிரும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் கடல் தொழிலு சொல்லவே வேண்டாம். அத்த வீட்டுல நாலு தலைமொறையா ரப்பர் வெட்டு. அப்படிப்பட்ட ஊருல ஒரு பய காலையில 7 மணி வரைக்கும் போத்திட்டு கெடந்தா அவனுக்கு சோம்பேறின்னு பேரு விழாம என்ன செய்யும்.

ஆனா அதுல ஒரு விசயம் விட்டுப் போகுது. வெள்ளன எந்திரிக்கது பழக்கம் மட்டும் இல்ல, வயசும்தான். மேரி கார்ஸ்கடான்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக்காரி 1993லயே எழுதிட்டாவ, பிள்ளைங்க வயசுக்கு வரும்போது உடம்புக்குள்ள இருக்குற கடிகாரமே பின்னாடி தள்ளிப் போகுதுன்னு. ஜெர்மனியில டில் ரோனபெர்க் 2004ல ஆயிரக்கணக்கான ஆளுங்க கணக்க வச்சு சொன்னது, இந்தத் தள்ளிப்போறது சுமார் 20 வயசு வரைக்கும் கூடிட்டே போயி, அதுக்கப்புறம் மெல்ல மெல்ல திரும்பி வருமாம், பொம்பளப் பிள்ளைங்களுக்கு கொஞ்சம் முந்தியே திரும்பிரும், ஆம்பளப் பயலுவளுக்கு லேட்டாகும். எங்க வீட்டுல 22 வயசுக்காரி காலையிலயும் 17 வயசுக்காரன் ராத்திரியிலயும் முழிச்சிருக்கதுக்கு பாதி காரணம் அங்கயே வந்துட்டு, மீதி பொறவி. மெலடோனின்னு ஒரு ஹார்மோன், இருட்டுன பெறவு மூளையில ஊறத் தொடங்கும், அது தொடங்கி சுமாரா ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் தூக்கம் சொக்கும். இந்த வயசுப் பயலுக்கு அது ஊறுததே ராத்திரி 10 மணிக்கு மேலன்னா, 9 மணிக்கு படுலேன்னு சொன்னா அவன் மோட்டப் பாத்து கெடப்பான், இல்லன்னா போர்வைக்குள்ள மொபைல நோண்டுவான். 60 வயசு ஆளு தன்னோட தூக்கத்த வச்சு 17 வயசு ஆளுக்கு சட்டம் போடுதது எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கதுதான்.

இந்த ஹாலுக்கு வாரதுக்கு முன்னாடி அவன் ஒரு டியூசனுக்கு போய்ட்டு இருந்தான், பிசிக்ஸ், காலை 5.30 பேட்ச். பேரு வேண்டாம். சார் நல்லாத்தான் நடத்துவாரு, அதுல கொற சொல்லக் கூடாது. ஆனா அந்த பேட்ச்சுக்கு ராஜாக்கமங்கலம், முட்டம் பக்கத்துல இருந்தெல்லாம் பிள்ளைங்க மொத பஸ்ஸப் பிடிச்சு வருதுங்க, ஒருநாள் நான் விட்டுட்டு வரப் போகையில ஜன்னல் வழியா பாத்தேன், மூணாவது பெஞ்சுல ஒரு பிள்ள பேனாவ நோட்டு மேல வச்சபடியே தூங்குது, எழுத்து அப்படியே வழுக்கி பக்கத்த விட்டு கீழ போயிட்டு. லேட்டா வந்தா வெளிய நிக்க வைப்பாரு. நம்ம குமரி 77.5 டிகிரி தீர்க்கரேகையில இருக்கு, இந்திய நேரம் 82.5 வச்சு ஓடுது, அப்ப நம்ம சூரியன் கடிகாரத்த விட 20 நிமிசம் பிந்துது, 5.30ன்னு சொல்லுதது சூரியக் கணக்குல 5.10தான். ஜனவரி கடைசியில இங்க சூரியன் எட்டிப் பாக்கவே 6.40 தாண்டிரும். அதாவது ஒரு மணி நேர கிளாஸும் கும்மிருட்டுல தொடங்கி சூரியன் வாரதுக்கு முந்தியே முடியுது.

கணக்கு போட்டுப் பாருங்க. இவன் தூங்குதது 12 மணி, எந்திரிக்கது 4.45. அஞ்சு மணி நேரம் கூட இல்ல. 13ல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ சங்கமே சொல்லியிருக்கு. சரி, வாரம் பூரா கொறஞ்ச தூக்கத்த ஞாயித்துக்கிழம பிடிக்கதுக்கு 12.30க்கு படுத்து காலை 10 மணி வரைக்கும் கெடப்பான். வார நாளுல அவன் தூக்கத்தோட நடுப்புள்ளி 2.20 சுமாருக்கு, ஞாயித்துக்கிழம 5.15க்கு. கிட்டத்தட்ட மூணு மணி நேர வித்தியாசம். இந்தியாவுக்கும் குவைத்துக்கும் இடையில ரெண்டர மணி நேரம்தான், அப்ப இவன் ஒவ்வொரு சனிக்கிழமயும் குவைத்துக்கு பிளேன் ஏறி, திங்கக்கிழம காலையில வந்து எறங்கி நேரா பிசிக்ஸ் கிளாஸ்ல உக்காந்த மாதிரியாக்கும். இதுக்கு ரோனபெர்க் குரூப்பு 2006ல சோசியல் ஜெட்லாக்னு பேரே வச்சுட்டாங்க. அத்த கேட்டாவ, அப்ப ஞாயித்துக்கிழமயும் வெள்ளன எழுப்பிட்டா சரியாப் போச்சேன்னு. வித்தியாசம் கொறையும், தூக்கக் கடன் கூடும். ரெண்டு பக்கமும் அடி.

மார்க்குக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்னுதான் எங்க வீட்டு அவிய, அதான் பிள்ளைங்களோட அப்பா, கேட்டாவ. நியாயமான கேள்வி, ஏன்னா ஃபீஸ் கட்டுதது அவிய. காலை டைப்பு பிள்ளைங்க பரீச்சையில கொஞ்சம் கூட மார்க் எடுக்காங்க, ராத்திரி டைப்பு கொஞ்சம் கொறவா எடுக்காங்கன்னு பல ஆராய்ச்சியையும் சேத்து வச்சுப் பாத்ததுல வந்திருக்கு, ஆனா அந்த வித்தியாசம் சின்னதுதான், புத்தியில கொறவுன்னு அர்த்தம் இல்ல. பள்ளிக்கூடம் காலையில, பரீச்சை காலையில, அப்ப ஆட்டமே காலை ஆளுங்க மைதானத்துல நடக்குது. நெதர்லாந்துல 2015ல வெளியான ஒரு ஆராய்ச்சியில பள்ளிப் பிள்ளைங்களோட பரீச்சை மார்க்க பரீச்சை நடந்த நேரத்தோட வச்சுப் பாத்திருக்காங்க, காலையில நடந்த பரீச்சையில ராத்திரி டைப்பு பிந்தியிருக்கு, மத்தியானம் நடந்ததுல அந்த வித்தியாசம் காணாமப் போயிட்டு. ஆள் அதே ஆளு, புத்தி அதே புத்தி, மணிதான் வேற. அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டியில கிட்டத்தட்ட 15,000 பிள்ளைங்களோட கம்ப்யூட்டர் லாகின் நேரத்த வச்சே, கிளாஸ் இல்லாத நாள்ல எப்ப முழிச்சிருக்காங்க, கிளாஸ் உள்ள நாள்ல எப்பன்னு ஒப்பிட்டு 2018ல போட்டாங்க, ரெண்டுக்கும் பொருத்தம் இல்லாத பிள்ளைங்களுக்கு மார்க்கும் அடி வாங்குது, அதுல ராத்திரி ஆளுங்கதான் மோசமா வாங்குதாங்க.

எனக்கு ரொம்ப உறைச்சது அமெரிக்காவுல உள்ள எம்ஐடி ஆராய்ச்சி, 2019. ஒரு கெமிஸ்ட்ரி கிளாஸ் பிள்ளைங்க நூறு பேரு கையில பேண்ட கட்டி விட்டு செமஸ்டர் பூரா தூக்கத்த அளந்திருக்காங்க. மார்க்குல பிள்ளைக்கு பிள்ளை உள்ள வித்தியாசத்துல கிட்டத்தட்ட கால்பங்கு, எவ்வளவு தூங்குதாங்க, எப்படித் தூங்குதாங்க, தினமும் ஒரே மாதிரி தூங்குதாங்களாங்கதோட ஒட்டிப் போகுது. பரீச்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் நல்லா தூங்குனதுக்கும் மார்க்குக்கும் ஒட்டே இல்லையாம், பாடம் நடக்குற அந்த வாரங்கள்ல தூங்குனதுதான் கணக்கு. "நாளைக்கு பரீச்ச, இன்னைக்கு சீக்கிரம் படுத்துருலேன்னு" அந்த ஒரு நாளு மட்டும் பாலும் குடுத்து தட்டிக் குடுக்க அம்மாமாருங்க கொஞ்சம் இதக் கேட்டுக்கிடுங்க.

சரி ஹாலுக்கு வாரேன். மகனோட சாயங்கால ஸ்லாட்டு எப்படி போகுதுன்னா, பள்ளிக்கூடம் விட்டு வந்து அர மணி நேரம் படுப்பான், வயித்துக்கு எதாவது போட்டுட்டு 6 மணிக்கு ஹாலுக்கு போயிருவான். 7ல இருந்து 9.30 வரைக்கும் அவன் தல நல்லா ஓடுத நேரம், கணக்கெல்லாம் அப்பதான் போடுவான், கடைசி அர மணி நேரம் பயாலஜி படம் போட்டுப் பாப்பான். 10 மணிக்கு மெஷின்ல விரல வச்சு வெளிய வந்தே ஆவணும். அந்த கறார் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஏன்னா வீட்டுல இருந்தா இன்னும் ஒரு சாப்டர்னு ஒரு மணி வரைக்கும் இழுப்பான், அதுல முக்காவாசி ரீல்ஸ்தான். 11.15க்கு படுத்து காலை 7 மணிக்கு எந்திரிக்கான். எட்டு மணி நேரத்துக்கு கால் மணி கொறவு, பரவாயில்ல. பிசிக்ஸ் டியூசன விட்டாச்சு, அதுக்குப் பதிலா சனி ஞாயிறு மத்தியானம் வேற ஒரு சார்கிட்ட போறான்.

இப்ப கொறை. மொதல்ல அந்த வெள்ள லைட்டு. பகலுக்கு ஓகே, ராத்திரி 9 மணிக்கு மேல தல மேல அந்த நீலம் கலந்த வெளிச்சம் அடிச்சா, கண்ணுக்குள்ள விழித்திரையில இருக்குற சில செல்லு அத பகலுன்னு நெனச்சு மூளைக்கு தாக்கல் சொல்லிரும், மெலடோனின் அப்படியே அமுங்கிரும். ராத்திரி டைப்பு பிள்ளைங்களுக்குன்னே ஸ்லாட்டு குடுத்துட்டு அவங்களுக்கே இந்த லைட்டையும் போட்டா, அவங்க கடிகாரத்த இன்னும் பின்னால தள்ளி விடுததுக்கு நாமளே காசு குடுக்கோம். ஓனருகிட்ட சொன்னேன், ஆளு கேட்டுக்கிட்டாரு, ஆனா கடைசி ரெண்டு வரிசைக்கு மட்டும் மஞ்ச லைட்டு மாத்திட்டு மீதிய அடுத்த மாசம் பாக்கலாம்னாரு, அந்த அடுத்த மாசம் இன்னும் வரல. அதனால சேருதவங்க கடைசி வரிசை கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, வாசப்பக்கத்துல ஒரு காப்பி மெஷின், 15 ரூவா போட்டா ஒரு கப்பு, ராத்திரி 10 மணி வரைக்கும் ஓடுது. படிக்க பயலுவ வரிசையில நிக்கான். காப்பியில உள்ள கஃபீனு பாதி வெளியேற சுமாரா 5 மணி நேரம் ஆவும், ஆளுக்கு ஆளு கூடக் கொறைய இருக்கும், அப்ப 9.30க்கு குடிச்சவனுக்கு ராத்திரி ரெண்டரைக்கும் பாதி உள்ள கெடக்கும். அவன் தூங்கிருவான், ஆனா ஆழமா தூங்க மாட்டான், காலையில எந்திரிச்சு திரும்பவும் கட்டங்காப்பி தேடுவான். எம்மவன 4 மணிக்கு மேல காப்பி சாயா ரெண்டையும் நிப்பாட்டிட்டேன், பசிச்சா கீழ கடையில ரசவடை தின்னுன்னு சொல்லியிருக்கேன். அந்தக் கடை ரசவடைய பத்தி தனியா ஒரு ரிவ்யூ எழுதலாம், அத விடுங்க.

எனக்கு கோவம் வந்த எடம் ஃபுல் டே பாஸ். 24 மணி நேரமும் எப்ப வேணும்னாலும் வரலாம் போகலாம், 1,800 ரூவா, ஸ்லாட்டுக்கு 900தான். அப்பாமாரு என்ன நெனக்காவன்னா, ரெண்டு மடங்கு காசுல ஆறு மடங்கு நேரம் கிடைக்குன்னு. டியூட்டி முடிஞ்சு ஒருநாள் மத்தியானம் மகளுக்கு சாப்பாடு குடுக்கப் போனப்ப பாத்தேன், ஃபுல் டே பாஸ் பயலுவ நாலஞ்சு பேரு தல தொங்கி கெடக்கானுவ, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இருந்துட்டு காலையில கோச்சிங்குக்கும் போயிட்டு வந்திருக்கானுவ. அதுல ஒரு கூத்து, தல சாஞ்சா ஓனரு வந்து ஸ்கேலால மேசையில தட்டுவாரு. தூங்கக் கூடாதாம், ஹாலு பேரு கெட்டுரும்னு. ஏன் அண்ணே, ஒரு 20 நிமிசம் தல சாச்சா அவன் அடுத்த ரெண்டு மணி நேரம் உருப்படியா படிப்பான்லா, கால் மணி நேர தூக்கத்துக்கு ஒரு மூலையில ரெண்டு சாய்வு நாற்காலி போடுங்கன்னு சொன்னேன். சிரிச்சிட்டு போயிட்டாரு. படிச்சது மண்டையில தங்குததே தூக்கத்துலதான், படிச்ச நேரத்த மட்டும் மெஷின்ல பதிஞ்சு அப்பாவுக்கு மெசேஜ் அனுப்புதாங்க, "உங்கள் மகன் இன்று 13 மணி நேரம் படித்தார்"னு. அவன் 13 மணி நேரம் உள்ள இருந்தான்னு மட்டும்தான் அந்த மெஷினுக்குத் தெரியும்.

மகளுக்கு வெள்ளன ஸ்லாட்டு, அத பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, அவளுக்கு அது இயல்பாவே ஒத்துப் போகுது. 9.30க்கு கண்ணு சொருகும், 4.30க்கு அலாரம் இல்லாம முழிப்பா, 5 மணிக்கு ஹாலுல இருந்தா 9 மணிக்குள்ள அன்னைக்கு பாடம் முடிஞ்சிரும். கஷ்டம் பாடத்துல இல்ல, ரோட்டுல. அந்த நேரம் தெருவுல நாயிங்க கூட்டம், ரெண்டு போஸ்ட்டுல லைட்டு எரியல, அவங்க அப்பா பைக்குல விட்டுட்டு வருவாவ. பொம்பளப் பிள்ளைங்களுக்கு தனி ரூம், சிசிடிவி உண்டு, வாசல்ல அந்த நேரத்துக்கு ஒரு அக்கா இருக்காவ, அது நிம்மதி. ஜன்னல் ஒண்ணு சரியா மூடாது, 5 மணிக்கு ஒரு பக்கம் பாங்கு, ஒரு பக்கம் கோவில்ல பக்திப் பாட்டு, ஒரு பக்கம் சர்ச்சு மணி, மூணும் சேந்து ஒரு பத்து நிமிசம் படிப்பு ஓடாது. நம்மூருக்கு அது இல்லன்னாதான் ஒரு மாதிரி இருக்கும்.

ஒண்ணு மட்டும் இவளப் பாத்து புரிஞ்சிக்கிட்டேன், காலை டைப்புக்கும் தொந்தரவு உண்டு. கூட்டுக்காரி சாயங்கால ஸ்லாட்டுல இருக்காங்கதுக்காக இவளும் கொஞ்ச நாள் அதுக்கு மாறுனா, 8.30 மணிக்கு மேல ஒரே பாராவ திரும்பத் திரும்ப வாசிச்சிட்டு இருந்தா, ராத்திரி 11 மணிக்கு படுத்தாலும் காலை 4.30க்கு கண்ணு தொறந்துரும், தூக்கம் நட்டம். அர்ஜென்டினா தலைநகரம் புவனஸ் அயர்ஸ்ல ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள குலுக்கல் போட்டுத்தான் காலை, மத்தியானம், சாயங்காலம்னு மூணு ஷிஃப்ட்டுக்கு பிரிப்பாங்களாம், காலை ஷிஃப்ட்டு 7.45க்கு, சாயங்கால ஷிஃப்ட்டு 5.20க்கு. அத வச்சு 2020ல ஒரு ஆராய்ச்சி வந்திச்சு. காலை ஷிஃப்ட்டு பிள்ளைங்கதான் தூக்கத்துல ரொம்ப கொறஞ்சு போனது, பிள்ளையோட டைப்பும் ஷிஃப்ட்டும் எவ்வளவு ஒத்துப் போகுதுங்கதுதான் மார்க்குலயும் தெரிஞ்சிருக்கு. குலுக்கல்ல போட்டா அப்படி, நம்ம கையில ஸ்லாட்ட தேர்ந்தெடுக்க விட்டும் கூட்டுக்காரிக்காக மாத்துனா என்ன சொல்ல.

அமெரிக்காவுல சியாட்டில் ஊருல 2016ல ஹைஸ்கூல் தொடங்குத நேரத்த 7.50ல இருந்து 8.45க்கு தள்ளுனாங்க, பிள்ளைங்க லேட்டா படுப்பாங்கன்னுதான் எல்லாரும் பயந்தது, ஆனா அளந்து பாத்தா 34 நிமிசம் கூடுதலா தூங்கியிருக்காங்க, மார்க்கும் கொஞ்சம் ஏறிட்டு. கலிபோர்னியாவுல 2022ல இருந்து ஹைஸ்கூல் 8.30க்கு முன்னாடி தொடங்கக் கூடாதுன்னு சட்டமே நடப்புல இருக்கு. நம்மூரு பள்ளிக்கூடம் 9 மணிக்கு மேல தொடங்குதே, அப்ப நமக்கு பிரச்சினையே இல்லன்னு தோணும். பள்ளிக்கூடம் 9 மணிக்குத்தான், டியூசன் 5.30க்கு, ஸ்பெஷல் கிளாஸ் 8 மணிக்கு, மார்த்தாண்டம் ரோட்டுல டிராஃபிக்குன்னு பஸ்ஸு 7.10க்கே வந்து ஹாரன் அடிக்கும். சட்டம் போட்டாலும் நம்மாளு அதுக்கு முன்னாடி ஒரு பேட்ச் தொடங்கிருவான்.

பரீச்சை நேரத்துக்கு என்ன செய்யணும்னு ஓனரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அது ஒரு கொறை. பிளஸ் டூ பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு, 10.15க்கு எழுதத் தொடங்கி 1.15க்கு முடியும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4ன்னா 9.30 மணிக்கு. நீட்டு மத்தியானம் 2 மணிக்கு, அது ராத்திரி டைப்பு பிள்ளைங்களுக்கு ஒரு வகையில அதிர்ஷ்டம். அப்ப எம்மவன மாதிரி ஆளு ராத்திரியே படிச்சிட்டு இருந்துட்டு மார்ச்சுல 10 மணி பரீச்சைக்கு அப்படியே போயி உக்கார முடியாது, பொதுத்தேர்வுக்கு ஒரு மாசம் முந்தியே கடிகாரத்த முன்னாடி இழுக்கணும், ஒரேயடியா இல்ல, மூணு நாலு நாளுக்கு ஒருக்கா 15 நிமிசம் முன்னாடி படுத்து 15 நிமிசம் முன்னாடி எந்திரிக்கணும். இழுக்கதுக்கு பெரிய கருவி காலை வெளிச்சம். எந்திரிச்ச உடனே மொட்டமாடியில அர மணி நேரம் நடக்க விடுதேன், மேகமா இருந்தாலும் வெளிய உள்ள வெளிச்சம் வீட்டு டியூப் லைட்ட விட பல மடங்கு. மாடல் எக்ஸாம்ல இப்படி செஞ்சு பாத்தோம், மொத பேப்பர்ல வழக்கமா வார அந்த மந்தம் இல்லன்னு அவனே சொன்னான். அந்த மாசம் அவன் ஸ்லாட்ட சாயங்காலம் 5ல இருந்து 9க்கு மாத்தித் தாங்கன்னு ஓனருகிட்ட கேட்டா, அப்படி இடையில மாத்துனா 200 ரூவா கூடுதலுன்னாரு. கட்டியாச்சு, ஆனா சொல்லிக்கிடுதேன், இது அநியாயம்.

மார்க்கு ஏறிச்சான்னு கேப்பீங்க. பிசிக்ஸ் ஏறிட்டு, கெமிஸ்ட்ரி அங்கயேதான் நிக்கி, கெமிஸ்ட்ரிக்கு அவன் தூங்குனாலும் முழிச்சிருந்தாலும் ஒண்ணுதான். டியூசன் மாத்துனதும் ஒரு காரணமா இருக்கும், எல்லா பெருமையையும் ஹாலு தலையில கட்ட முடியாது. காலையில எழுப்பையில நடந்த சண்டை மட்டும் வீட்டுல சுத்தமா நின்னு போச்சு, அத்தயும் இப்ப அவன சோம்பேறின்னு சொல்லுததில்ல, "ராத்திரிப் பய"ன்னு சொல்லுதாவ.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். பிள்ளையோட நேரத்தக் கேட்டு ஸ்லாட்டு குடுக்கதுக்கும் 10 மணிக்கு வெளிய அனுப்புததுக்கும் தான் அந்த மூணர, லைட்டு, ஸ்கேலு, 24 மணி நேர பாஸ் இதுக்கு ஒண்ணர வெட்டு. ஃபுல் டே பாஸ் எடுக்காதீங்க, ஸ்லாட்டு பாஸ் போதும். ஆதார் காப்பியும் ரெண்டு போட்டோவும் கொண்டு போங்க, லாக்கருக்கு தனியா 100 ரூவா, பூட்டு அவங்க தர மாட்டாங்க நாமதான் கொண்டு போணும், ஏசி நேரா அடிக்கதால 11ல இருந்து 16 வரைக்கும் உள்ள சீட்டு வேண்டாம்னு சொல்லிருங்க, பைக்க கீழ பேக்கரி முன்னாடி விட்டா அவரு சத்தம் போடுவாரு, பக்கத்து சந்துல விடுங்க.